தருமபுரிக் கறை வேறு, சென்னைச் சொத்தை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வில்லிவாக்கத்தில் முப்பது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வாரம் ஒரே நாளில் மூன்று பேர் கடைக்கு வந்து "ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட் இருக்கா அண்ணா?" என்று கேட்டார்கள். மூன்று பேருமே சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள். மூன்றாவதாக வந்த அம்மாவிடம் ஏன் என்று கேட்டதற்கு, "அது விஷமாமே, எலும்பையே வளைச்சிடுமாமே" என்றார். அவர் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஃப்ளோரைடு எலும்பை வளைத்ததை என் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் பிள்ளைக்கு ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்தான் வாங்க வேண்டும் என்று அவரிடம் மல்லுக்கு நின்றேன். கடையில் கூட்டம், முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். என் முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே பழுப்புப் பட்டை உண்டு, எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஊரில் என் வயசுக்காரர்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான் இருந்தது, அதனால் ஊரில் இருந்தவரை யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. படிக்க வெளியூர் போனபோதுதான் பேசும்போது கையால் வாயை மறைக்கும் பழக்கம் வந்தது. கல்யாண போட்டோவில்கூட உதட்டை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். என் பெரியப்பாவுக்கு நடந்தது இதைவிட மோசம். ஐம்பது வயசுக்குள் அவருக்குக் கழுத்தும் முதுகும் இறுகிப்போய்விட்டன. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாது, கால்களை நகர்த்தி நகர்த்தி உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். வாதம் என்று நினைத்து வருஷக்கணக்கில் எண்ணெய் தேய்த்தோம். அது குடித்த தண்ணீரால் வந்தது என்பது எங்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் புரிந்தது.

பாறையில் இருக்கும் ஃப்ளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது, அந்த நீரைத்தான் எங்கள் ஊரில் பிறந்ததிலிருந்து குடித்தோம். இது நமக்குப் புது விஷயமே இல்லை. 1937லேயே அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கம் இந்த நோயைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். ஆனால் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோன ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது, அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. எனவே ஃப்ளோரைடைக் கண்டு பயப்படுகிறவர்களை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். அந்தப் பயத்துக்கு என் வாயிலேயே சாட்சி இருக்கிறது.

அந்தப் பயம் என் வீட்டிலும் புகுந்தது. என் பற்களைப் பார்த்து வளர்ந்த என் மகள், தன் பையனுக்குப் பல் முளைத்த நாளிலிருந்தே ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்தான் வாங்கினாள். இயற்கைப் பொருள் விற்கிற ஒரு கடையில், என் கடையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு விலை. நானும் தடுக்கவில்லை, அந்தப் பெயரைக் கேட்டாலே பெரியப்பாவின் கழுத்துதான் எனக்கும் ஞாபகம் வரும். பேரனுக்கு இப்போது ஐந்து வயசு. மூன்று மாதத்துக்கு முன்னால் இரவில் பல் கூசுகிறது என்று அழுதான், அண்ணா நகரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

கடைவாயில் இரண்டு சொத்தை. அதை நாங்களே எதிர்பார்த்துத்தான் போயிருந்தோம். டாக்டரம்மா அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "சார், முன்பல்லைப் பாருங்க" என்றார். பார்த்தேன், நல்ல வெள்ளையாகப் பளபளவென்றுதான் இருந்தன. பிறகு சின்ன ஒரு குழாயால் அந்தப் பற்கள்மேல் காற்றை ஊதினார், நாலைந்து விநாடிதான் இருக்கும், எச்சில் காய்ந்ததும் ஈறை ஒட்டி வரிசையாக நாலு பல்லிலும் சாக்பீஸால் கோடு இழுத்தமாதிரி ஒரு வெண்மை தெரிந்தது. பையன் வாயை மூடித் திறந்தான், எச்சில் பட்டதும் கோடு மறைந்துவிட்டது. மறுபடி ஊதினார், மறுபடி வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஈரமாக இருக்கும்வரை வெள்ளையே தெரியாது, காயக் காயத்தான் பளீரென்று வெளுக்கும், அதே மாதிரி.

அந்த வெள்ளைக்கோடுதான் சொத்தையின் முதல் படி என்றார். பல்லின் மேலே இருக்கும் எனாமல், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள், எடையில் கிட்டத்தட்ட 96 சதவீதம் தாது, அதிலும் முக்கியமாகக் கால்சியமும் பாஸ்பேட்டும். அந்தத் தாது உள்ளுக்குள் கரைந்து வெளியே போனதால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பொத்தல்கள் உண்டாகிவிட்டன. பொத்தலில் எச்சில் நிரம்பியிருந்தால் பல் கண்ணாடிமாதிரித் தெரிகிறது, காற்று நிரம்பினால் வெளுத்துத் தெரிகிறது. இன்னும் குழி விழவில்லை, மேல்தோல் அப்படியே இருக்கிறது. "குழி விழுந்துட்டா அடைக்கத்தான் முடியும், இந்த நிலைமையில இருந்தா திருப்பிடலாம்" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எனாமலில் உயிருள்ள செல் கிடையாது, தோலில் காயம்பட்டால் ஆறுவதுபோல அது தானாக வளராது. இருந்தும் போன தாதுவைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

இங்கேதான் ஃப்ளோரைடின் வேலை வருகிறது. நாம் பிஸ்கட்டோ மிட்டாயோ சர்க்கரை போட்ட காபியோ வாயில் போட்டதும் பல்மேல் படிந்திருக்கும் கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. பித்தளைக் குடத்தில் புளி போட்டுத் தேய்த்தால் மேல் படலம் கரைந்துபோகிறதே, அதுபோல அமிலம் எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இழுத்துக் கரைக்கிறது. பிஎச் என்பது அமிலத்தின் அளவைக் காட்டும் எண், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அது சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் கரைய ஆரம்பித்துவிடும். நம் எச்சில் சும்மா இருக்காது, அமிலத்தை மட்டுப்படுத்தும், தன்னிடம் இருக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகும். ஒரு நாளில் இந்தப் போக்கும் வரவும் பல தடவை நடக்கிறது. போவது அதிகமாகி வருவது குறைந்தால் சொத்தை. வாயில் கொஞ்சமாவது ஃப்ளோரைடு இருந்தால் அது எனாமல் பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு, எச்சிலில் இருக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் தன்பக்கம் இழுத்துக் கரைந்த இடத்தில் படிய வைக்கிறது. அப்படிப் படியும் புதுத் தாது பழையதைவிடக் கெட்டி. பழையது 5.5இல் கரையும், ஃப்ளோரைடு கலந்தது சுமார் 4.5வரை தாக்குப்பிடிக்கும். கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கும் வேலையையும் அது கொஞ்சம் மந்தப்படுத்துகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த வேலை எல்லாமே பல்லுக்கு வெளியே, வாயில் நடக்கிறது. விழுங்கி, வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து பல்லுக்கு வர வேண்டியதே இல்லை. எங்கள் ஊரில் நடந்தது நேர் எதிர். பிள்ளைகளுக்குச் சுமார் எட்டு வயசுவரை ஈறுக்குள்ளே நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் ஃப்ளோரைடை அளவுக்கு மேலே விழுங்கிக்கொண்டே இருந்தால் எனாமல் சரியாக அமையாமல் கறையோடு முளைக்கும். வளர்ந்த பிறகும் வருஷக்கணக்கில் அதிகமாக உள்ளே போனால் எலும்பில் சேரும். ஈறுக்குள் உருவாகும் பல்லுக்கு வயிற்றின் வழியாகப் போகும் ஃப்ளோரைடு ஒன்று, முளைத்த பல்லின்மேல் பூசித் துப்பும் ஃப்ளோரைடு இன்னொன்று. பெயர் ஒன்று என்பதால் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். என் மகள் செய்ததும் அதுதான், அவளைப் பேசாமல் விட்ட நான் செய்ததும் அதுதான்.

கணக்காகவே பார்க்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருக்கிற தண்ணீரை ஒருவர் தினம் மூன்று லிட்டர் குடித்தால் 12 மில்லிகிராம் வயிற்றுக்குள் போகிறது, தினமும், வருஷக்கணக்கில். 1000 பிபிஎம் பேஸ்ட்டில், அதாவது ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டில், பட்டாணி அளவு (சுமார் கால் கிராம்) எடுத்தால் அதில் இருப்பது கால் மில்லிகிராம், அதையும் துப்பிவிடுகிறோம். மூன்று வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு ஓர் அரிசி அளவு, அதில் கால் மில்லிகிராமில் பாதிகூட வராது.

ஃப்ளோரைடு பல்லுக்கு நல்லது என்று தெரியவந்த கதையும் கறைப் பல்லில்தான் ஆரம்பித்தது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன மெக்கே என்ற பல் மருத்துவர் அங்கே ஊர்க்காரர்கள் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தார். என்ன காரணம் என்று வருஷக்கணக்கில் தேடினார். அந்தக் கறைப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். 1931இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் அந்தத் தண்ணீரைச் சோதித்து ஃப்ளோரைடைக் கண்டுபிடித்தார். கறை வராத, ஆனால் சொத்தையைக் குறைக்கிற அளவு எது என்று தேடித்தான் 1945இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் குடிநீரில் அளந்து கலந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. எங்கள் ஊர்க் கறையைப் போன்ற கறையிலிருந்து யாரோ ஒருவர் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் உதவுகிற ஒன்றை எடுத்திருக்கிறார். 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

சரி, சென்னைக்கு வருவோம். நாம் குடிப்பது என்ன? ஏரித் தண்ணீர், அப்புறம் நெம்மேலி போன்ற இடங்களில் கடல்நீரைச் சுத்திகரித்து வருகிற தண்ணீர். அதையும் பாதிப் பேர் நேராகக் குடிப்பதில்லை, வீட்டில் ஆர்ஓ மெஷின், இல்லாவிட்டால் கேன். ஆர்ஓ மற்ற உப்புகளோடு சேர்த்து ஃப்ளோரைடையும் பெரும்பாலும் வடித்துவிடும். ஆர்ஓவோ கேனோ இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தண்ணீர் வழியாகப் போகும் ஃப்ளோரைடு மிகக் குறைவு. பேஸ்ட்டிலும் இல்லையென்றால் அந்தப் பல்லுக்கு வேறு துணை ஏது? தின்பதோ, ஸ்கூல் வேனில் ஏறும்போது ஒரு பிஸ்கட், மத்தியானம் ஜூஸ் பாக்கெட், சாயங்காலம் கேக், டியூஷன் போகும்போது மிட்டாய். எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்கு மேல் அமிலம். போர் தண்ணீரை அப்படியே குடிப்பவர்கள் மட்டும் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து ஃப்ளோரைடு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள், செலவு பெரிதில்லை.

"அந்தக் காலத்துல வேப்பங்குச்சியில தேய்ச்சவங்க பல்லு கல்லு மாதிரி இருந்துச்சே" என்று கடையில் சொல்வார்கள். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பதை நானும் மதிக்கிறேன். குச்சி நன்றாகவே அழுக்கை எடுக்கும். ஆனால் என் பாட்டி காலத்தில் பிள்ளைக்கு இனிப்பு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். தினம் ஆறு தடவை சர்க்கரை படுகிற பல்லைக் குச்சியால் மட்டும் காப்பாற்ற முடியாது. கரியும் உப்பும் போட்டு அழுத்தித் தேய்ப்பதைப் பற்றி என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன், எனாமலை அது உரசி எடுத்துவிடும், போன எனாமல் வராது.

பெரியவர்களிடமிருந்து கட்டாயம் திரும்பக் கொண்டுவர வேண்டிய பழக்கம் வேறு ஒன்று இருக்கிறது. என் அம்மா வெறும் முறுக்கு ஒன்று தின்றால்கூட எழுந்துபோய் வாய் கொப்பளிப்பார். சாப்பிட்ட கையைக் கழுவும்போதே வாயையும் கொப்பளிப்பது நம் வீடுகளில் சொல்லிக்கொடுக்காமலே வந்தது, இப்போது டிஷ்யூவில் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். தின்ற பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் கொப்பளியுங்கள். ஆனால் பேஸ்ட் போட்டுத் தேய்த்த பிறகு மட்டும் கொப்பளிக்க வேண்டாம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, முகம் சுளிக்கிறார்கள். நாலு செம்பு தண்ணீர் விட்டுக் களகளவென்று கொப்பளித்தால்தான் நமக்குப் பல் தேய்த்த திருப்தி. அப்படிச் செய்தால் பல்மேல் இருக்க வேண்டிய ஃப்ளோரைடில் பெரும்பகுதி வாஷ்பேசினில் போய்விடுகிறது. நுரையை நன்றாகத் துப்பினால் போதும், ஒரு வாரத்தில் பழகிவிடும். இரவு தூங்கும் முன் தேய்ப்பதை விடவே கூடாது, தூக்கத்தில் எச்சில் ஊறுவது ரொம்பக் குறைந்துவிடும், அந்த நேரத்தில் பல்லுக்குக் காவல் அந்த மிச்ச ஃப்ளோரைடுதான். காலையில் மட்டும் தேய்த்து இரவில் விட்டுவிடுகிற வீடுகள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். பிள்ளைக்கு ஆறேழு வயசு ஆகும்வரை பேஸ்ட்டைப் பெரியவர்கள்தான் பிதுக்க வேண்டும், விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருள் சுருளாக வைப்பதைப் பார்த்துப் பிள்ளையும் அப்படி வைத்துக்கொள்கிறது, ருசியாக இருந்தால் விழுங்கியும் விடுகிறது. நான் மேலே போட்ட கணக்கு விழுங்காத பிள்ளைக்குத்தான்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியது. நம் நாட்டில் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் போகக்கூடாது, எவ்வளவு என்பதை ட்யூபிலும் அட்டையிலும் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. போடுகிறார்கள், ஆனால் எங்கே? மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில், ஆங்கிலத்தில். என் கடையில் நானே பூதக்கண்ணாடி வைத்துத்தான் வாடிக்கையாளருக்குக் காட்டுகிறேன். 1000 என்று இருந்தால் எடுங்கள். குழந்தைகளுக்கு என்று பொம்மை படம் போட்டு விற்கிற சில ட்யூப்களில் 500க்கும் கீழே இருக்கிறது, சிலவற்றில் சுத்தமாக இல்லை. ஆயிரம் இருக்கும் பேஸ்ட்டில்தான் சொத்தையைத் தடுக்கும் பலன் நிச்சயமாகத் தெரிகிறது, அதனால் பிரஷ்ஷில் வைக்கும் பேஸ்ட்டின் அளவைக் குறையுங்கள், பிபிஎம் எண்ணைக் குறைக்காதீர்கள். காலாவதித் தேதியும் பாருங்கள், பழசாக ஆக அதில் பல்லுக்கு உதவும் ஃப்ளோரைடு குறைந்துகொண்டே போகும். ட்யூபின் அடியில் இருக்கும் பச்சை, கறுப்புக் கட்டத்தைப் பார்த்து இயற்கை, ரசாயனம் என்று பிரிக்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். அது ட்யூபை வெட்டி ஒட்டும் மெஷினுக்கு இடம் காட்டுகிற அடையாளம் மட்டுமே.

உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இரண்டு. பேஸ்ட் தயாரிப்பவர்கள் அந்த பிபிஎம் எண்ணைத் தமிழில், படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில், அட்டையின் முன்பக்கத்திலேயே போட வேண்டும். அப்புறம், டாக்டரம்மா பேரன் பல்லில் பூசிய ஃப்ளோரைடு வார்னிஷ், அதாவது பல்மேல் ஒட்டிக்கொள்ளும் ஃப்ளோரைடுப் பூச்சு, அங்கன்வாடிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பல்லைத் துடைத்துவிட்டுச் சின்ன பிரஷ்ஷால் பூசினார், எச்சில் பட்டதும் இறுகி ஒட்டிக்கொண்டது, ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிஷம், அழுகை இல்லை, ஊசி இல்லை. அன்றைக்கு இரவு தேய்க்க வேண்டாம், கடினமாக எதுவும் கடிக்க வேண்டாம், அவ்வளவுதான். தனியாரிடம் போக முடியாதவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனால் வேலைக்குப் போகிற அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வலி இல்லாத பல்லைக் காட்ட அங்கே போவாரா? வலி வந்த பிறகுதான் போவார், அதற்குள் வெள்ளைக்கோடு குழியாகியிருக்கும். அதனால்தான் பள்ளிக்கே வர வேண்டும் என்கிறேன்.

பேரனுடைய கடைவாய்ப் பற்கள் இரண்டையும் அடைத்தாயிற்று. மகள் இப்போது என் கடையிலிருந்துதான் 1000 பிபிஎம் பேஸ்ட் வாங்கிப் போகிறாள், பட்டாணி அளவு அவளே பிதுக்குகிறாள், இரவுத் தேய்ப்பு என் பொறுப்பு. போன திங்கட்கிழமை மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். காற்றை ஊதினார். மூன்று பற்களில் கோடு மங்கி, சொரசொரப்பு போய் வழவழப்பாகியிருக்கிறது என்றார், தாது திரும்ப ஏறியிருக்கிறது. நாலாவது பல்லில் இன்னும் சாக்பீஸ் வெள்ளை இருக்கிறது. மறுபடி வார்னிஷ் பூசிவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
வில்லிவாக்கம், சென்னை-49.